பஞ்சரே ஆகாத சைக்கிள்

"இன்னிக்கும் பஞ்சர்!" என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார் குமாஸ்தா. சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

"எந்த வீல்?" என்றாள் மனைவி.

"முன் வீல்... இல்லல்ல, பின் வீல்."

"காத்து கும்முனு இருக்கே?"

"முனைக் கடையில ஒட்டியாச்சு. பசை காயட்டும்னு தள்ளிட்டே வந்தேன்."

"காலைல?"

"காலைலயும் பஞ்சர்தான். ஆபீஸ் போய்ச் சேர ஒன்பதே முக்கால் ஆயிடுச்சு. மேனேஜர் கூப்பிட்டுட்டார்."

"என்ன சொன்னார்?"

"வெள்ளிக்கிழமை காலைல ஒன்பது மணிக்கு ஸ்டோர் கீப்பர் யாருன்னு முடிவு பண்றாராம். அந்த நேரத்துக்கு நான் எதிர்ல நின்னா வேலை எனக்கு. இல்லேன்னா பக்கத்து சீட்டுக்காரனுக்கு."

காகிதக் கிடங்கில் பதினோரு வருஷமாக ஜன்னல் இல்லாத மூலையில் உட்கார்ந்து சீட்டு எழுதுகிற மனுஷன். ஸ்டோர் கீப்பர் அறைக்கு இரண்டு ஜன்னல். அவள் புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"எல்லாம் அந்தப் பஞ்சர் கடைக்காரன் வேலைங்க! ரோட்டுல ஆணியைத் தூவிட்டு, ஈன்னு இளிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கான். நேராப் போய் நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன்."

"ஐயையோ, வேண்டாம்! அவர் நல்ல மனுஷன். அவர்கிட்ட மட்டும் போய் எதுவும் கேட்டுடாதே" என்று குமாஸ்தா பதறினார்.

அவர்கள் குடியிருந்த சந்துக்கே அவள் டீச்சர். கூடத்தில் பிள்ளைகளை உட்காரவைத்துக் கணக்கு டியூஷன் எடுப்பவள். விடை வராத கணக்கை அப்படியே மூடி வைக்கிற ரகம் இல்லை. சைக்கிளும் அவளுடைய அப்பா கல்யாணத்துக்கு வாங்கித் தந்தது. ஆறு வருஷமாக அதைக் கணவர் என்னமாய் வைத்திருக்கிறார் என்று அவளுக்கு ஒரே பெருமை. பெடல் ரப்பர்கூடப் புதுசு கணக்காக மின்னும். தேய்வதெல்லாம் அவர் செருப்புதான், மூன்று மாதத்துக்கு ஒரு ஜோடி. தினம் தினம் பஞ்சர் ஆனால் பாவம், தேயாமல் என்ன செய்யும்?

செவ்வாய்க்கிழமை டீச்சர் களத்தில் இறங்கினாள். லாரிக்குப் போடலாம் போல இரண்டு தடி டயர்களை வாங்கி வந்து தானே மாட்டினாள். பள்ளிக்கூட நாளில் சைக்கிளிலேயே பறந்தவள், அவளுக்குத் தெரியாததா?

அன்று குமாஸ்தா ஆபீஸ் போய்ச் சேர்ந்தபோது பத்து மணி.

"இந்தத் தடி டயர்லயுமா?"

"ஆணி நீளமா இருந்துச்சும்மா."

புதன்கிழமை டயருக்கும் டியூபுக்கும் நடுவில் பழைய ரப்பரை வெட்டிச் சுற்றுப் பட்டை வைத்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று கேரியரில் இரும்புப் பம்பு ஒன்று, ஸ்பானர் பெட்டி ஒன்று.

அன்று பத்தேகால். குமாஸ்தா மூச்சு வாங்கியதைப் பார்த்து வாட்ச்மேனே எழுந்து நாற்காலி கொடுத்தாராம்.

"கணக்கு இடிக்குதே! பாதுகாப்பு ஏற ஏற லேட்டும் ஏறுதே!" என்று டீச்சர் தலையைப் பிய்த்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுக்குள் ஓடி வந்த வேகத்தில் கதவு இரண்டு தரம் மோதித் திரும்பியது.

"என்னங்க! கிடைச்சிருச்சு! தானே ஒட்டிக்கிற டியூப்! உள்ள பச்சையா ஒரு கூழ் இருக்கு. ஆணி குத்தினா அது ஓடி வந்து ஓட்டையை அடைச்சிருமாம்! இனிமே ஜென்மத்துக்கும் பஞ்சர் கிடையாது!"

குமாஸ்தாவின் முகம் வெளுத்துப்போனது. "ஜென்மத்துக்குமா?" என்றார்.

மாட்டி முடித்ததும் சந்து ஜனத்தையே கூட்டிவிட்டாள். எதிர்வீட்டு அக்கா சுத்தியல் கொடுத்தாள். டீச்சர் பின் டயரில் இரண்டு அங்குல ஆணியை அடித்து இறக்கிவிட்டு வெடுக்கென்று பிடுங்கினாள். புஸ்ஸ்! ஒரு சொட்டுப் பச்சைக் கூழ் எட்டிப் பார்த்தது. சக்கரத்தை ஒரு சுற்று விட்டாள். சத்தம் நின்றது. டயர் கல்லு மாதிரி இருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அக்காவுக்கு ஆசை தாங்கவில்லை, தன் பங்குக்கு இன்னும் நாலு ஆணி அடித்தாள். அந்த ஓட்டைகளும் அடைபட்டுப்போயின!

"ஸ்டோர் கீப்பர் சார்!" என்று டீச்சர் கூவினாள். குமாஸ்தா மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கே அவர் குளித்து உடுத்தித் தயார். கால்சட்டை நுனியில் சைக்கிள் கிளிப்பும் மாட்டியாகிவிட்டது.

"நான் ஏழு மணிக்கே கிளம்பறேனே?"

"எதுக்குங்க? மிதிச்சா இருபது நிமிஷ தூரம். இந்த டியூபை வெச்சுக்கிட்டு ஏழு மணிக்குக் கிளம்பினா நாலு பேர் சிரிப்பாங்க. எட்டரைக்குப் போதும். நானும் வரேன். கேரியர்ல உட்கார்ந்து, எந்தப் பய ஆணி போடறான்னு இன்னிக்குக் கையும் களவுமாப் பிடிக்கிறேன்."

அவர் கெஞ்சினார், கோபித்துக்கொண்டார், வயிற்றுவலி என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். எதுவும் பலிக்கவில்லை. எட்டரை வரை டீச்சர் வாசற்படியை விட்டு நகரவே இல்லை.

சந்து முழுக்கக் கல்லு, முனைக்குப் போய்த்தான் ஏறுவது என்பது அவருடைய வழக்கம். அன்றும் தள்ளிக்கொண்டே போனார்கள். முனையில் டீச்சர் பம்பையும் பெட்டியையும் எடுத்துப் பஞ்சர் கடை ஓரமாக வைத்துவிட்டுக் கேரியரில் ஜம்மென்று உட்கார்ந்தாள்.

"போலாம் ரைட்!"

சைக்கிள் நகரவில்லை. குமாஸ்தா ஹேண்டில்பாரைப் பிடித்தபடி கீழேயே நின்றார்.

"என்னங்க?"

"பஞ்சர்" என்றார் ஈன சுரத்தில்.

டீச்சர் துள்ளி இறங்கினாள். முன் டயரை அழுத்தினாள், பின் டயரை அழுத்தினாள். கட்டை விரல்தான் வலித்தது.

"கல்லாட்டம் இருக்கே!"

"இப்பத்தான் ஆச்சு. ஆன கையோட ஒட்டிக்கிச்சு. நீ வாங்கின டியூப் லேசுப்பட்டதா?"

மணி எட்டு முப்பத்தெட்டு. இரண்டு ஜன்னலும் கைநழுவிப் போகிற ஆத்திரத்தில் டீச்சருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அத்தனை கோபமும் ஒன்று திரண்டு, தண்ணீர்த் தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்த பஞ்சர் கடைக்காரர் மேல் பாய்ந்தது.

"யோவ்! உனக்கு மனசாட்சி இருக்கா? ஆறு வருஷமா எங்க சைக்கிளைப் பஞ்சராக்கியே எங்க வாழ்க்கையைக் கெடுத்துட்டியே!"

கடைக்காரர் நிதானமாக எழுந்து கையைத் துடைத்தார். குமாஸ்தாவைப் பார்த்தார். குமாஸ்தா ஆகாயத்தைப் பார்த்தார்.

"நேரம் இருக்கு டீச்சரம்மா. நீங்க மிதிங்க, சார் பின்னாடி உட்காரட்டும்" என்றார் கடைக்காரர். "இந்த சைக்கிள் தினம் ரெண்டு வேளை என் கடையைத் தாண்டிப் போகுது. இந்த ஆறு வருஷத்துல அதுல ஒரு ஆணி ஏறியும் நான் பாத்ததில்ல, சார் ஏறியும் பாத்ததில்ல."