கையெடுவும் என் கரண்டு காரும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரைக்கும் கார் வைத்திருக்கிற ஒருவர்கூட கையெடுவிடம் திட்டு வாங்காமல் தப்பியது கிடையாது. டாக்டரைத் திட்டியிருக்கிறார். வக்கீலைத் திட்டியிருக்கிறார். பூ அலங்காரம் செய்த காரில் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையை, தாலி கட்டுவதற்கு முன்னாலேயே திட்டியிருக்கிறார். ஆனால் அதிகமாக வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான்தான். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் தெரியாது. பந்தல்குடி ரோட்டில் ஒரு தகரக் கொட்டகையில் லாரிகளுக்கும் கார்களுக்கும் வயரிங் பார்க்கிறார். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, பானட்டில் கையை ஊன்றி, "என்னண்ணே, சௌக்கியமா?" என்று கேட்போம் இல்லையா? அவர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். "கையெடு" என்பார். எடுக்காவிட்டால் மறுபடியும் "கையெடு." எடுக்கிற வரைக்கும் விடாமல் சொல்வார். எடுத்த பிறகுதான் வண்டிக்கு என்ன கோளாறு என்று கேட்பார். அதுவே பெயராகிவிட்டது. பெண்பிள்ளைகளுக்கு மட்டும் கொஞ்சம் மரியாதை, "கையெடுங்க."

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அது பொய் சொல்லத் தெரியாத வாய். "வண்டிக்கு ஒண்ணுமில்ல, ஓட்டுறவனுக்குத்தான் கோளாறு, கூட்டிட்டுப் போங்க" என்று முகத்துக்கு நேராகச் சொல்லி அனுப்புவார். பழைய வண்டி வாங்குகிறவர்கள் அவரிடம் காட்டாமல் விலை பேச மாட்டார்கள். கையெடு நல்லது என்றால் நல்லது. ஆகாது என்றால் அந்த வண்டியை அப்புறம் ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

நான் மிளகாய் வத்தல் வியாபாரம் செய்கிறேன். பரளச்சி, திருச்சுழிப் பக்கம் விவசாயம் பார்க்கிற சம்சாரிகளின் களத்துக்கே போய் வாங்குவேன். வத்தலைப் போனில் வாங்க முடியாது. கையில் எடுத்து உடைத்து, விதையைப் பார்த்து, மோந்து பார்த்து வாங்க வேண்டும். என் இடது முழங்கால் மடங்க மாட்டேன் என்று நின்றுவிட்ட பிறகு கிளட்ச் மிதிக்க முடியவில்லை. டிரைவர் ஒருவனை வைத்தேன். நான் வத்தலைப் பார்க்கிற நேரமெல்லாம் அவன் வாட்சைப் பார்த்தான். அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகு வாங்கியதுதான் இந்தக் கார். கோயம்புத்தூரில் ஒரு டாக்டர் ஓட்டிய வண்டி. பெட்ரோலிலும் ஓடும், பேட்டரியிலும் ஓடும். எப்போது எதில் ஓடுவது என்பதை நம்மிடம் கேட்காது, அதுவே முடிவு செய்துகொள்ளும். எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: கிளட்ச் கிடையாது.

பெயர் மாற்றுகிற நாளில் சென்னையிலிருந்து வந்திருந்த என் மகன் கையெழுத்துப் போட்டான். ஆர்.சி. அவன் பெயரில் வந்துவிட்டது. அது நான் புத்தி கெட்டுப்போய்ச் செய்த வேலை.

வண்டி வந்த வாரத்திலேயே அதற்கு ஒரு குறையும் வைக்காமல் எல்லாம் செய்தேன். மதுரைக்குக் கொண்டுபோய் சீட்டுக்கு மொத்தமான வெல்வெட் உறை போட்டேன். பின்சீட்டு ஓரத்தில் ஒரு ஓட்டை அசிங்கமாகத் தெரிந்தது. அதையும் பஞ்சு வைத்து மூடித் தைக்கச் சொன்னேன். அப்புறம் ஒரு ஹாரன். பேட்டரியில் போகும்போது வண்டி சத்தமே போடாது. பரளச்சி ரோட்டில் ஆட்டு மந்தைக்குப் பின்னால் போய் நின்றால் ஆடும் நகராது, ஆட்டுக்காரரும் நகர மாட்டார். அதனால் லாரிக்குப் போடுகிற ஹாரனாகப் பார்த்துப் போட்டேன். முதல் தடவை அடித்ததில் ஆடெல்லாம் ஓடி, ஆட்டுக்காரர் அவற்றைத் தேடி ஓடி, ரோடு பளிச்சென்று காலியாகிவிட்டது.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. பின்சீட்டில் நாலு சாக்கு வத்தலோடு விருதுநகருக்குப் போய்க்கொண்டிருந்தேன். குமாரலிங்கபுரத்துக்குப் பக்கத்தில், உச்சி வெயிலில், ஸ்டியரிங்குக்கு முன்னால் மீட்டரில் சிவப்பாக ஒரு முக்கோண விளக்கு எரிந்தது. வண்டி ஓய்ந்து நின்றுவிட்டது. கட்டியிழுத்துக் கையெடுவிடம் கொண்டுபோய் விட்டார்கள். இவர் துபாயில் இந்த மாதிரி டாக்சிகளைத்தான் பத்து வருஷமாகப் பிரித்து மாட்டியவராம். இறங்கி பானட்டில் கையை வைத்தேன்.

"கையெடுங்க."

"ஏய்யா, என் வண்டி, என் கை."

"கரண்டு வண்டிக்கா. உள்ள போற ஆரஞ்சு வயரு தொட்டா ஆளையே தூக்கிரும். பக்கத்துல நின்னவன் போனத நான் பாத்திருக்கேன். கையெடுங்க."

எடுத்தேன். பின்கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

"யாருக்கா இதத் தச்சது?"

"மதுரைல."

"வண்டியோட மூக்கையும் சேத்துத் தச்சுட்டான்."

நான் அசிங்கம் என்று மூடிய ஓட்டை, பேட்டரி சூடாகாமல் இருக்கக் காற்றை இழுக்கிற வழியாம். சொல்லிக்கொண்டே பிளேடை எடுத்து என் வெல்வெட்டை என் கண் முன்னாலேயே கிழித்தார்.

"ஏய்யா, கழட்ட வேண்டியதுதான! ஏன்யா கிழிக்கிறீக?"

"கழட்டிக் குடுத்தா திரும்ப மாட்டுவீக."

அடுத்தது ஹாரன். "இது என்ன காரா, கப்பலா?" என்று பிடுங்கி, ஸ்டூலில் உட்கார்ந்திருந்த என் மடியில் வைத்தார். ஆடு நகராதே என்றேன். "ஆடுதான? அதுக்கும் வீடு வாசல் இருக்கு. எப்பவாச்சும் போகும், காத்திருங்க."

கடைசியில் பேட்டரி விசிறியை வெளியே எடுத்தார். பஞ்சும் வத்தல் தூளுமாகச் சிவப்பாய் அப்பியிருந்தது. என்ன ஏது என்று கேட்காமல் கம்ப்ரசர் குழாயை வைத்து ஊதிவிட்டார். பக்கத்து டீக்கடை மொத்தமும் தும்மியது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் தும்மினார்கள். லாரியில் ஏறிக்கொண்டிருந்த டிரைவர் தும்மிக்கொண்டே கீழே இறங்கினார். கையெடு பதினேழு தும்மல் போட்டார். நான் எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். என் வெல்வெட்டுக்கு அதுவாவது கிடைத்ததே.

"என்ன சரக்குக்கா இது?"

"முண்டு வத்தல். முதல் தரம்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆமா, முதல் தரந்தான்" என்றார். பொய் சொல்லத் தெரியாத வாய் என்று சொன்னேனே.

கிழித்த இடத்தில் ஒரு கம்பிச் சட்டம் செய்து, கொசுவலையை இரண்டாக மடித்துக் கட்டி, அந்த ஓட்டைக்கு அளவாக ஒரு மூடி போட்டார். வாரம் ஒரு தடவை கழற்றிக் கழுவ வேண்டும், வத்தல் சாக்கு டிக்கியில்தான் ஏற வேண்டும் என்று உத்தரவு. வண்டிக்கு என்ன பார்த்தோம் என்று ஒரு அட்டையில் பொடி எழுத்தில் எழுதிக் கொடுத்தார். நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். அதை ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரிகிற வழக்கம் எனக்குக் கிடையாது. அட்டையை ரொம்ப நேரம் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினேன். அடுத்த தடவை கொடுத்த அட்டையில் எழுத்தெல்லாம் புளியங்கொட்டை அளவுக்கு இருந்தது, வரிக்கு இரண்டே வார்த்தை. கவனித்துவிட்டாரே என்று அதற்கும் எனக்குக் கோபம்.

வண்டி நடுரோட்டில் நின்ற கதை எப்படியோ சென்னைக்குப் போய்விட்டது. மகன் போனில் பேசினான். "வயசாச்சும்மா. வீட்டுல இருங்க. வண்டிய வித்துருவோம். எங்கயாச்சும் போகணும்னா நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

"பரளச்சிக்கு வத்தல் பாக்க சென்னைலருந்து வருவியாக்கும்?"

கேட்பதாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆள் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றான். வியாழக்கிழமை வண்டியைப் பார்க்கக் கொடுத்தபோது கையெடுவிடம் புலம்பித் தீர்த்தேன். இந்த வண்டி போனால் நான் போகிற களமெல்லாம் போச்சு, கால் நீட்டி வீட்டில் கிடக்க வேண்டியதுதான் என்றேன். அவர் ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருந்தார். காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. வழக்கம்போல அட்டையை எழுதி வண்டியின் முன்சீட்டு டப்பாவில் போட்டார். இருந்த கோபத்தில் நான் அதை எடுத்துப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தான். அவனுக்குச் சோறு போட்டேன், பேச்சுக் கொடுக்கவில்லை. வாங்க வந்தவர் விருதுநகரில் ஒரு மில்லில் மேனேஜர். வண்டியைச் சுற்றி வந்துவிட்டு, "கையெடுகிட்ட ஒருவாட்டி காட்டிருவோம்" என்றார். வண்டி நன்றாக ஓடுகிறது. அந்த மனுஷன் நல்லது என்றுதான் சொல்வார். சொன்னால் முடிந்தது.

கொட்டகையில் மேனேஜர் பானட்டில் கையை வைத்தார்.

"கையெடு."

எடுத்தார். "எப்படிண்ணே வண்டி?"

கையெடு கையிலிருந்த எண்ணெய்த் துணியையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "பேட்டரில ரெண்டு செல்லு செத்துப்போச்சு. விசிறி இன்னைக்கோ நாளைக்கோ. ஏசியப் போட்டா வண்டி போகாது. வண்டி போனா ஏசி வராது."

எனக்கு வந்ததே ஆத்திரம்! "ஏய்யா, வியாழக்கெழமதான பாத்தீக! அன்னைக்கு வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீக? என் வண்டிக்கு என்னய்யா கொறச்சல்? இப்பவே தூத்துக்குடி வரைக்கும் ஓட்டிக் காட்டவா?"

"அக்கா, செத்த நேரம் சும்மா இருங்க."

மேனேஜர் அதற்குள் இரண்டடி பின்னால் போய்விட்டார். என் மகன் விடவில்லை. "அப்ப எங்கம்மா மட்டும் எப்படிண்ணே தெனம் ஓட்டிட்டுப் போறாக?"

கையெடு திணறி அன்றைக்குத்தான் பார்த்தேன். துணியை இந்தப் பக்கம் மடித்தார், அந்தப் பக்கம் மடித்தார்.

"அவுக கைக்கு ஓடும். வேற ஆளு கைக்கு ஓடாது."

"அது எப்படிண்ணே?"

"கரண்டு வண்டி. அப்படித்தான்."

மேனேஜர் டீகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். கையெடு ஆகாது என்ற வண்டியை இனி இந்த வட்டாரத்தில் யார் தொடுவார்கள்? மகன் அவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். சாயங்காலம் பஸ் ஏறும்போது, "பாத்து ஓட்டுங்கம்மா" என்றான். அவ்வளவுதான்.

எனக்குத்தான் ஆறவில்லை. ரெண்டு செல் செத்த விஷயத்தை என்னிடம் ஏன் சொல்லவில்லை? வண்டிக்குள் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து வியாழக்கிழமை அட்டையை எடுத்தேன். புளியங்கொட்டை எழுத்து. ஒவ்வொன்றாகக் கூட்டினேன்.

'பேட்டரி நல்லாருக்கு. விசிறி நல்லாருக்கு. பயப்படாம ஓட்டுங்க.'

இரண்டாவது தடவையும் கூட்டிப் பார்த்தேன். அதேதான் இருந்தது.

மறுநாள் காலையில் முதல் வேலையாகப் பந்தல்குடி ரோட்டுக்குப் போனேன். கையெடு ஒரு லாரியின் வயர்களுக்குள் தலையை விட்டிருந்தார். என் வண்டியை அவர் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி இறங்கி, பானட்டில் உள்ளங்கை முழுவதும் படக் கையை வைத்தேன்.

"ஏய்யா, நாலு பேரு முன்னாடி என் வண்டிய நொண்டின்னு சொல்லிட்டீகளே, நல்லாருக்கா இது?"

அவர் நிமிரவில்லை. "கையெடுங்க" என்றார்.

நான் எடுக்கவில்லை. அவரும் இரண்டாவது தடவை சொல்லவில்லை.