நிறைக் காக்காவின் வெள்ளைப் பலகை

நிறைக் காக்காவோடு பழகிவிட்டு அதிர்ச்சியடையாமல் வீடு திரும்பிய மனிதர் கல்முனையிலிருந்து பொத்துவில் வரை ஒருவரும் இல்லை. அவரை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிறவன் நான்; பக்கத்து வீடு, காரியாலயத்தில் பக்கத்து மேசை. என் பங்குக்கு வந்த அதிர்ச்சியை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

டெண்டர்களுக்குப் புள்ளி போடுவது அவர் வேலை. விலைக்கு இத்தனை நிறை, அனுபவத்துக்கு இத்தனை நிறை என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். பிறகு ஒவ்வொருவரின் புள்ளியையும் அந்த நிறையால் பெருக்கிக் கூட்டினால் யார் முதலாவது என்று தெரிந்துவிடும். மற்றவர்கள் இந்தக் கணக்கை மேசையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். காக்கா கையோடு கொண்டுபோவார்.

சாய்ந்தமருதுக் கடற்கரையில் மீன் வாங்கப் போனால் ருசி, முள்ளு, விலை, வீட்டில் மனைவி ராத்தாவின் அன்றைய மனநிலை என்று நாலுக்கும் நிறை போடுவார். கணக்கு முடியும்போது மீன்காரர் பெட்டியைக் கழுவிக்கொண்டிருப்பார்.

ஒருநாள் குடல்வால் வீங்கி, வயிற்றைப் பிடித்தபடி சுருண்டு விழுந்தார். ஆட்டோவில் தூக்கிப் போட்டோம். எந்த ஆஸ்பத்திரிக்கு விடுவதென்று ஆட்டோக்காரர் கேட்டதுதான் பிழை.

"பொறு. டொக்டருக்கு அஞ்சு நிறை. தூரத்துக்கு மூண்டு. வாட்டுச் சோத்துக்கும் ஒண்டு போடுவம்."

"காக்கா, மவுத்தாகப் போறீங்க."

"அதுக்குத்தானே தூரத்துக்கு மூண்டு போட்டிரிக்கன்."

அப்படிப்பட்டவருக்கு ஒரே மகள், ஸஹ்லா. அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியபோது எங்கள் ஒழுங்கை முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் பின்பக்கத்து அறைக்கு ஒதுங்குவார்கள். ஆகவே காக்கா, ஒரு சுவருக்கு அப்பால் ஆயுள் முழுக்கக் கேட்கப்போகும் சத்தத்தையும் சேர்த்தே தேடினார். விறாந்தையில் ஒரு வெள்ளைப் பலகையை மாட்டி, சம்பளம், குணம், ஊரில் இருப்பு, குறட்டை என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே அதன் நிறையை அழியாத மையால் போட்டார்.

"ஆளப் பாத்த பொறகு நிறை போட்டா அது களவு" என்றார்.

இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் மருதமுனை வங்கி உத்தியோகத்தர். மற்றவர் சம்மாந்துறையில் வயல் செய்துகொண்டு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் மாஸ்டர். குறட்டையைக் கண்டறியும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

"பேங்க்காரர் நாளைக்கு பகல் பஸ்ஸில கொழும்புக்குப் போறாராம். நீயும் பக்கத்தில ஏறிக் குந்து."

எனக்குக் கொழும்பில் ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் போனேன். பொலன்னறுவை வரை குறட்டை விட்டவர் முன் சீட்டுப் பெரியவர். மாப்பிள்ளை குழந்தையைப் போலத் தூங்கினார். மாஸ்டரும் குறட்டை விடுவதில்லை என்று அவருடைய மச்சான் சாட்சி சொன்னார்.

ஆகக் கூடியவருக்குப் பத்துப் புள்ளி, மற்றவர்களுக்கு அந்த விகிதப்படி என்பது காக்காவின் முறை. வங்கிக்காரர் சம்பளத்தில் பத்து வாங்கினார். அதில் பாதி எடுக்கும் மாஸ்டருக்கு ஐந்து. குணத்தில் மாஸ்டர் எவ்வளவு முன்னுக்கு நின்றும் பலகை வங்கிக்காரரையே முதலாவதாக்கியது. ஸஹ்லாவுக்கு மாஸ்டரில்தான் விருப்பம் என்பது பலகையைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

ராத்தா கெஞ்சினார். "பெத்த புள்ள சோறு தின்னாமக் கிடக்கா. சம்பளத்துக்குப் போட்ட நிறையக் கொஞ்சம் குறைங்களன்."

"முடிவப் பாத்துட்டு நிறையக் குறைச்சா, டெண்டர்ல என்னப் புடிச்சி உள்ள போடுவாங்க."

ஸஹ்லா அழவில்லை. பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தவள். பலகையின் முன்னால் வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, உள்ளே போய்ச் சோறு போட்டுத் தின்றாள்.

அந்தக் கிழமையே கலியாணத் தரகர் மூன்றாவது மாப்பிள்ளையோடு வந்தார். பொத்துவில் ஆள், கட்டாரில் வேலை, சம்பளம் வங்கிக்காரரைப் போல இரண்டு மடங்கு. ஊருக்கு வருவது எப்போதாவது ஒருமுறை. வீடியோ கோலில் பெற்ற உம்மாவையே அதட்டினார். காக்கா நேர்மையாக அவரையும் எழுதினார்.

இப்போது சம்பளத்தில் பத்து கட்டார்க்காரருக்கு. வங்கிக்காரரின் பத்து ஐந்தானது. மாஸ்டரின் ஐந்து இரண்டரையானது. இருவருக்கும் இடையில் இருந்த தூரம் பாதியாகிவிட்டது. குணத்தில் இருந்த தூரம் அப்படியே கிடந்தது. கூட்டிப் பார்த்தால் மாஸ்டர் முதலாவது, வங்கிக்காரர் இரண்டாவது, குணத்திலும் ஊர் இருப்பிலும் விழுந்த கட்டார்க்காரர் கடைசி.

ஒருவர் சம்பளமும் குறையவில்லை, ஒருவர் குணமும் மாறவில்லை. கடைசியாக வந்தவர் கடைசியில் நின்றுகொண்டே முதலாமவரைக் கவிழ்த்துவிட்டார்.

"காக்கா, இது என்ன அநியாயம்?"

"பலக செல்லிட்டு" என்று பேனையை மூடினார்.

தரகரைத் தனியே பிடித்தேன். "ஸஹ்லாதான் கோல் எடுத்தா" என்றார். "பேங்க்காரரப் போல ரெண்டு மடங்கு சம்பளம் இரிக்கணும், ஊர்ப்பக்கம் வராத ஆளா இரிக்கணும் எண்டு செல்லிட்டா. எனக்கு இப்பிடி ஒரு ஓடர் வந்ததே இல்ல."

கலியாணத்தன்று சாப்பாட்டுப் பந்தியில் காக்கா என் பக்கத்தில் வந்து குந்தினார். "கட்டார்க்காரன ஆரு கொண்டு வந்த எண்டு தெரியுமா?"

நான் இறைச்சியை மென்றுகொண்டிருந்தேன்.

"டெண்டருக்குப் புள்ளி போட்டே மயிர் நரைச்சவன் நான். தோக்கிறத்துக்கெண்டே ஒருத்தன உள்ள உடுறத்த எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் காக்கா பேசாம இருந்தீங்க?"

அவர் மணப்பந்தல் பக்கம் பார்த்தார். "புள்ளைட ஆசைக்கும் பலகையில ஒரு வரி எழுதத்தான் போனன். எத்தன நிறை போட்டாலும் குறைவாத்தான் தெரிஞ்சிச்சு. அதான் எழுதாம உட்டுட்டு, அவ என்ன செய்யிறா எண்டு பாத்துக்கிட்டு இருந்தன்."

அவரை அப்படியே கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. அதற்கும் புள்ளி போட்டுவிடுவாரோ என்ற பயத்தில், கையை மட்டும் பிடித்துக்கொண்டேன். அவர் விடவில்லை.