மச்சான், கம்பி கிடைத்துவிட்டது

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் இளவழகன் அவர்களுக்கு, பழவேற்காட்டிலிருந்து வரதன் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் தங்கை மாலாவும் சுகம். ஏரியில் இறாலும் சுகமாகத்தான் இருக்கிறது, வலைக்குத்தான் வரமாட்டேன் என்கிறது. மீஞ்சூரில் அக்காவும் பிள்ளைகளும் நலம்தானே? போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்து வைத்துவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான் மச்சான். கங்கையம்மன் திருவிழாவில் எங்கள் இன்னிசைக் குழுவின் கச்சேரி. குழுவை நடத்துகிற லோகநாதன் அண்ணன் ஒத்திகையில் என் பேஸ் கிட்டாரைக் கேட்டுவிட்டு, "இன்னா வரதா, தகரத்தைச் சொரண்டற மாதிரி கீது. எனக்குக் கதகதன்னு வேணும். இல்லனா பேஸை நானே கீபோர்டுல எடது கையால வாசிச்சிக்கிறேன்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். பதினோரு வருஷமாக நான் நிற்கிற இடத்தை ஒருத்தருடைய இடது கை பிடித்துக்கொள்வதா? அன்றைக்கே வீடியோ பார்த்தேன். பழைய கம்பியைக் கழற்றிக் கொதிநீரில் போட்டால் சத்தம் மாறும் என்றார் ஒருவர். எப்படி மாறும் என்று அவர் சொல்வதற்குள் நெட் தீர்ந்துவிட்டது. நான் நண்டுக் குழம்புச் சட்டியில் நான்கு கம்பியையும் போட்டுக் கொதிக்கவிட்டேன். அழுக்கெல்லாம் போய்க் கம்பி புதுசாகி, முன்னைவிடக் கணீர் கணீரென்று கத்த ஆரம்பித்துவிட்டது. அடுத்த நாள் குழம்பில் துரு வாசனை. சட்டி பிழைக்க வேண்டுமானால் தானே கூட வந்து கம்பி வாங்கித் தருவதாக மாலா சொல்லிவிட்டாள்.

மெட்ராஸ் கடையில் மூன்று கிட்டாரில் மூன்று வகைக் கம்பி மாட்டி வைத்திருந்தார்கள். ஒன்று உருண்டைக் கம்பி சுற்றியது, நம்முடையது போலவே. விரல் நகர்ந்தால் கீச்சென்னும். இரண்டாவது பட்டைக் கம்பி சுற்றியது, வழவழவென்று இருந்தது. மூன்றாவதில் மேலே கறுப்பு நைலான். நான் ஒவ்வொன்றையும் இருபது இருபது நிமிஷம் வாசித்தேன். இரண்டாவதா மூன்றாவதா என்று எனக்கு வியர்த்துவிட்டது மச்சான். மாலா ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். மூன்றாவது முடிந்ததும் கண்ணைத் திறந்து, "இதாங்க. நம்ம போட்டு தூரத்துல வர்ற மாதிரி கீது" என்றாள். நம்முடைய இஞ்சின் படகைச் சொல்கிறாள் மச்சான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு இப்படி ஒரு காது இருப்பதை ஏன் கல்யாணத்தின்போது என்னிடம் சொல்லவில்லை?

வீட்டுக்கு வந்து மாட்டினால் தடித்த கம்பி கிட்டார் கழுத்தின் உச்சியில் அது பதிகிற காடியில் உட்காரவில்லை. இஞ்சின் வேலைக்கு வைத்திருக்கிற அரத்தை எடுத்து, மாலா கிட்டார் கழுத்தை இறுக்கிப் பிடிக்க, காடியைக் கொஞ்சம் கொஞ்சமாக ராவினேன். கடைசியில் கம்பி உட்கார்ந்தது. நேற்று ஒத்திகை. முதல் பாட்டு, முதல் வரி. லோகநாதன் அண்ணன் கீபோர்டிலிருந்து இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார் மச்சான். அது போதும் எனக்கு.

திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வந்து, மேடைக்கு முன்னால் உட்கார்ந்து கேட்க வேண்டும். கங்கையம்மன் உங்கள் வீட்டில் எல்லாருக்கும் ஒரு குறையும் வைக்காமல் இருக்கட்டும். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம்.

இப்படிக்கு,
வரதன்

பின்குறிப்பு: அண்ணே, மாலா எழுதறேன். தபால்ல போடச் சொல்லி என்கிட்ட குடுத்தாரு, படிச்சிட்டேன். எனக்கு மூணும் ஒரே மாதிரிதான் கேட்டுச்சு. கண்ணை மூடுனது தூக்கம். முழிச்சப்போ பஸ்ஸுக்கு அரை மணிதான் இருந்துச்சு. போட்டுன்னு சொன்னா மேல கேள்வி கேக்க மாட்டாருன்னு தெரியும், சொல்லிட்டேன். இதை அவர்கிட்ட சொல்லிடாதீங்க. ஆனா ஒண்ணுண்ணே, அதுலேர்ந்து அவர் வாசிக்கறப்பல்லாம் எனக்கு நெசமாவே போட்டு வர்ற மாதிரியே கேக்குது. நேத்து ரெண்டு வாட்டி கூடையை எடுத்துக்கினு கரைக்குப் போயிட்டு சும்மா திரும்பி வந்தேன்.