வேன்காரரும் ஓடும் படியும்

மூன்று வெளிநாட்டுப் பெருநகரங்களை ஒரே வாரத்தில் வேளாங்கண்ணியாக மாற்றிக் காட்டிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறார். ஞானஸ்நானத்தில் அவருக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று எங்கள் பங்குச் சாமியாருக்கே தெரியுமோ தெரியாதோ. தெருவுக்கு அவர் வேன்காரர்.

இருபது வருஷமாக மாதம் இரண்டு தடவை வேளாங்கண்ணிக்கு வேன் விடுகிறவர். கல்யாணமாகி எட்டு வருஷம் குழந்தை இல்லாமல் நானும் என் மனைவி சகாயமும் மாதாவிடம் அழுதுவிட்டு வந்ததெல்லாம் அந்த வேனில்தான். ஒன்பதாம் வருஷம் மாதா மனமிரங்கி மெர்சியைக் கொடுத்தாள். மெர்சிக்கு இரண்டரை வயது ஆனபோது வேன்காரர் வீட்டுக்கு வந்து, பாங்காக், கோலாலம்பூர், சிங்கப்பூர் மூன்றுக்கும் சேர்த்து ஆட்களைக் கூட்டிப் போவதாகச் சொன்னார். இதற்கு முன் வெளிநாடு போயிருக்கிறாரா என்று கேட்டேன்.

"வேளாங்கண்ணிக்கு வழி தெரிஞ்சவனுக்கு பாங்காக் இன்னா பெரிய ஊரா தம்பி?" என்றார்.

நான் யோசிப்பதற்குள் சகாயம் தலையாட்டிவிட்டாள். பத்தாவது படிக்கும்போது காலண்டர் படம் ஒன்றை வெட்டித் தன் டிரங்குப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டியவள் அவள். சாயங்காலம் விளக்குப் போடும் நேரத்தில், உயரத்திலிருந்து பார்த்த ஏதோ ஒரு பெரிய நகரம். அப்படி ஒரு காட்சியை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. மூன்று மாதம் போனில் வீடியோ பார்த்து, பார்க்க வேண்டிய இடங்கள் என்று பதினாலை நோட்டில் எழுதினாள். எங்கள் ஊர் மேட்டுப்பாளையத்துச் சோப்புக் கம்பெனியில் மிஷின் ஓட்டும் நானும் சந்தோஷமாக லீவு எழுதிக் கொடுத்தேன்.

புறப்படும் நாள் வந்தது. நாங்கள் பன்னிரண்டு பேர். தட்டு, டம்ளர் அவரவர் கொண்டுவர வேண்டும் என்பது உத்தரவு. வேன்காரர் வேளாங்கண்ணிக்குப் போகிற அதே கோலத்தில் நின்றார்: மொட்டைத் தலை, காவி வேட்டி, காவித் துண்டு, கழுத்தில் செபமாலை.

சென்னை ஏர்போர்ட் சோதனையில் அவர் பையிலிருந்து ஒரு லிட்டர் பாட்டிலை எடுத்தார்கள். தண்ணீரை உள்ளே விட மாட்டோம் என்றார்கள். இது தண்ணீர் இல்லை, சாமியார் மந்திரித்த தீர்த்தம் என்றார். எதுவானாலும் குப்பைத் தொட்டியில் போடு என்றார்கள். தீர்த்தத்தைக் குப்பையில் போடவா? அங்கேயே நின்று ஒரு லிட்டரையும் மடமடவென்று குடித்து முடித்தார். "இனிமே நான் போற எடமெல்லாம் தெளிச்ச மாரிதான்" என்று ஏப்பம் விட்டார். விமானம் ஏறியதும், வாந்தி வராமல் இருக்க ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் கொடுத்துக்கொண்டே போனார். எங்களுக்கு மட்டுமல்ல, அந்த வரிசையில் இருந்த அத்தனை பேருக்கும். ஏர்ஹோஸ்டஸ் பெண்ணுக்கும் ஒன்று கிடைத்தது.

பாங்காக்கில் அவருக்குக் கிடைத்த மரியாதையைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ரயிலில் எழுந்து இடம் கொடுத்தார்கள். கைகூப்பினார்கள். மறுநாள் விடியற்காலை ஓட்டல் வாசலில் செபமாலை சொல்லிக்கொண்டு நின்றவர் முன்னால் ஒரு அம்மாள் மண்டி போட்டு, சோற்றுப் பொட்டலமும் இரண்டு வாழைப்பழமும் கொடுத்துவிட்டுப் போனார். "இன்னா தங்கமான ஜனம் பாரு" என்று உருகிப்போய், அந்தப் பழத்தை மெர்சிக்கு உரித்துக் கொடுத்தார். அந்த ஊர் புத்த பிக்குகளும் மொட்டை அடித்துக் காவிதான் கட்டுகிறார்கள் என்று அன்று மத்தியானம் கோயில் ஒன்றில்தான் நாங்கள் கண்டோம். வேன்காரருக்கு முகம் செத்துவிட்டது. அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அடுத்த நாள் விடிந்ததும் நிஜமான பிக்கு ஒருவரைத் தேடிப் பிடித்து, எங்கள் புளிச்சோற்றுப் பொட்டலம் இரண்டை அவர் பாத்திரத்தில் வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்தார். அந்தப் பிக்கு அன்று என்ன நினைத்தாரோ, ஆண்டவருக்குத்தான் தெரியும்.

இவ்வளவு கூத்திலும் எங்கள் மகள் மெர்சி என்ன பார்த்தாள் என்று கேளுங்கள். எஸ்கலேட்டரைப் பார்த்தாள். முதல் நாள் ஒரு பெரிய கடையில், "ம்மா, படி ஓடுது" என்று காட்டியவள், அதன் பிறகு வேறு எதையும் பார்க்க மறுத்துவிட்டாள். கோலாலம்பூர் மீன் காட்சியகத்தில் தலைக்கு மேலே சுறா நீந்துகிறது. இவள் தரையில் புரண்டு, படி வேண்டும் என்று அழுகிறாள். பறவைப் பூங்காவுக்குப் போனோம். எத்தனையோ நிறத்தில் பறவைகள். வெளியே குப்பைத் தொட்டிமேல் உட்கார்ந்திருந்த காக்காயைப் பார்த்துக் கைதட்டினாள். நோட்டில் ஒவ்வொரு இடமாக அடித்துக்கொண்டே வந்தாள் சகாயம். பார்த்ததால் அடித்ததல்ல, பார்க்க முடியாததால் அடித்தது.

குழந்தையை எஸ்கலேட்டரில் ஏற்றிவிடலாம் என்றாலோ வேன்காரர் விட மாட்டார். எங்கே போனாலும் பன்னிரண்டு பேரையும் மாடிப்படி வழியாகத்தான் நடத்துவார். யாத்திரை என்றால் காலால் ஏற வேண்டுமாம். மூன்றாவது நாள் முழங்கால் வலியில் நான் சண்டைக்குப் போனேன். அப்போதுதான் காதோடு உண்மையைச் சொன்னார். சென்னையில் ஒரு துணிக்கடையில் எஸ்கலேட்டர் அவர் வேட்டியைக் கவ்விக்கொண்டதாம்.

"வேட்டி மேல போயிடுச்சு தம்பி. நான் கீழயே நிக்கிறேன். தீபாவளி கூட்டம்."

முழங்காலைத் தடவிக்கொண்டு நானும் மாடிப்படியே ஏறினேன்.

மெர்சிக்கும் ஒரு பயம் இருந்தது: லிப்ட். கதவு மூடினால் உடம்பு நீலம் பாயும்படி வீறிடுவாள். ஓட்டலில் ஒன்பதாவது மாடி அறைக்கு அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேறியது வேன்காரர்தான்.

சிங்கப்பூரில் கடைசி நாள். நோட்டில் பதிமூன்று இடம் அடிபட்டு ஒன்றுதான் மிச்சம்: உயரமான ஒரு கட்டடத்தின் உச்சி. விளக்குப் போடும் நேரத்துக்கென்றே டிக்கெட் வாங்கியிருந்தோம். சகாயம் மத்தியானமே தலைவாரிப் பூ வைத்துவிட்டாள். போய்ப் பார்த்தால், மேலே போக லிப்ட் மட்டும்தான் வழி. கதவு திறந்தது. மெர்சி அலறினாள். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சகாயம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினாள்.

"நீங்க போயி போன்ல புடிச்சிட்டு வாங்க. எனக்கு அது போதும்" என்றாள்.

அவளைப் போகச் சொன்னேன். தனியாகப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண் கலங்கியிருந்ததை நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

வேன்காரர் பார்த்திருக்கிறார். பக்கத்தில் வந்து கையை நீட்டினார்.

"புள்ளய குடு தங்கச்சி. ரெண்டு பேரும் போயிட்டு வாங்க."

"உங்ககிட்ட நிக்க மாட்டாண்ணே. அவளுக்கு அந்தப் படிதான் வேணும்."

"தெரியும். கீழ மூணு இருக்குது, வரும்போதே பாத்தேன்."

வேட்டியைத் தொடைக்கு மேலே தூக்கிக் கட்டி, துண்டால் இடுப்பை இறுக்கினார். சிலுவை அடையாளம் போட்டார்.

"நிக்காதீங்க, போங்க. அப்பறம் எனக்கு மனசு மாறிடும்."

போனோம். வானம் சிவந்து, கறுத்து, கீழே ஒவ்வொரு விளக்காக எரிந்தது. கப்பல்கள், பாலம், எறும்பு மாதிரி கார்கள். சகாயம் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக நாலு பேர் பார்க்க என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் காலண்டரில் இருந்த ஊர் இதுதானா என்று கேட்டேன்.

"இது இல்ல. அது இவ்ளோ நல்லா இருக்காது" என்றாள். முக்கால் மணி நேரம் அசையவில்லை. பிறகு திடீரென்று, "அண்ணன் வுழுந்துட்டாரோ இன்னாவோ" என்று என்னை இழுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

விழவில்லை. எஸ்கலேட்டரின் நடுவில், மொட்டைத் தலை முழுக்க வியர்வையோடு, இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் செபமாலை. இன்னொரு கையின் சுண்டுவிரல் மெர்சியிடம். படி முடியும் இடத்தில் மெர்சி, "தாத்தா, தாண்டு" என்றாள். அவர் தாண்டினார். கண்ணைத் திறக்காமலே மறுபக்கம் திரும்பி, இறங்கும் படியில் அவளோடு காலை வைத்தார். ஏறும்போது ஒரு அருள் நிறைந்த மரியே, இறங்கும்போது ஒன்று. செபமாலையின் ஐம்பத்து மூன்று மணியும் முடிந்து, இரண்டாவது சுற்று நடந்துகொண்டிருந்தது. நாங்கள் வந்துவிட்டோம் என்று சொன்னேன்.

"அதுக்குள்ளயா? நல்லா பாத்தியா தங்கச்சி?" என்றார், அப்போதும் கண்ணைத் திறக்காமல்.

ஊருக்கு வந்ததும் எல்லோரும் டூர் எப்படி என்று கேட்டார்கள். பதினாலில் ஒன்றுதான் பார்த்தோம் என்று உள்ளதைச் சொன்னோம். ஆனால் எங்கள் வீட்டில் தினமும் சாயங்காலம் குடும்ப செபம் உண்டு. யார் யாருக்காக வேண்டுகிறோம் என்று சகாயம்தான் பெயர் சொல்லுவாள். இப்போதெல்லாம் மெர்சிக்கு அடுத்து வேன்காரர் வருகிறார், அவருக்கு அப்புறம்தான் நான். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.