ஜோக்கர் அன்ரியின் நாலாவது கதிரை

தொண்ணூறுகளில் ரொறொன்ரோவில் பனி கொட்டினால் பஸ் நிற்கும், பள்ளிக்கூடம் நிற்கும், சில நாள் கோயில் பூசைகூடத் தள்ளிப்போகும். ஜோக்கர் அன்ரியின் புதன்கிழமை மேசை மட்டும் நின்றதே இல்லை. அதை நிறுத்துவதென்று மனதார முயன்ற ஒரே ஆள் நான்தான். படித்தவன், ஊரில் காணி உறுதி எழுதும் நொத்தாரிசாக இருந்தவன், அறுபதைக் கடந்தவன், இருந்தும் முயன்றேன். பெருமைப்பட்டு எழுதவில்லை.

அன்ரிக்கு வேறு பெயர் இருந்திருக்க வேண்டும். சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் கட்டடத்தில் ஒருவருக்கும் அது தெரியாது. பதினாலாம் மாடியில் மகளோடு இருந்தார். குள்ளமான மனுசி. சேலைக்கு மேல் மருமகனின் குளிர்கோட்டைப் போட்டுக்கொள்வார். அது கணுக்கால்வரை தொங்கும். தூரத்தில் வரும்போது ஒரு கோட்டு ஆளில்லாமல் நடந்து வருகிறது என்றே தோன்றும்.

அந்தக் கட்டடத்தில் நெருப்பு மணி அடிக்காத கிழமை கிடையாது. யாராவது மிளகாய் வறுத்தால் போதும். அப்படி ஒருநாள் மணி அடித்து எல்லோரும் படியிறங்கினோம். அன்ரியின் எதிர்வீட்டு யூத மூதாட்டி றூத், கைப்பையைக்கூட எடுக்காமல், ஒரு பாரமான தோல்பெட்டியை இழுத்துக்கொண்டு இறங்கினார். அன்ரி அதைப் பறித்துத் தலையில் வைத்துக்கொண்டு பதினாலு மாடியும் இறங்கினார். கீழே வந்ததும் கேட்டார்: “நகையோ?”

றூத் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே வரிசை வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டிகள். ஒன்றில் குருவி, ஒன்றில் பூ, ஒன்றில் நெருப்புக் கக்கும் சீனப் பறவைநாகம்.

“கடவுளே, விளையாட்டுச் சாமானுக்கோ என்ரை கழுத்தை முறிச்சனான்!” என்றார் அன்ரி. அடுத்த புதன்கிழமை அவரும் றூத்தின் விளையாட்டு மேசையில் இருந்தார். அன்று மிளகாய் வறுத்ததும் அவர்தான் என்பது பிறகு தெரியவந்தது.

விளையாட்டின் பெயர் மாஜோங். சீனர்களுடையதை அமெரிக்கப் பெண்கள் எடுத்துத் தங்களுக்கு ஏற்றபடி திருத்தியது. நாலு பேர் வேண்டும். எந்தெந்தக் கட்டிகளைச் சேர்த்தால் வெற்றி என்று ஒரு அட்டை சொல்லும். பஞ்சாங்கம் போல அது வருசத்துக்கு ஒருமுறை மாறும். புது அட்டை வந்ததும் அன்ரி அதைப் பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்து விபூதி தொட்டுத்தான் எடுப்பார். எழுத்தில்லாத வெள்ளைக் கட்டியை றூத்தின் ஆட்கள் சோப் என்பார்களாம். அன்ரி அதைச் சவுக்காரம் ஆக்கினார். மூன்று மாதத்தில் றூத்தும் “சவ்காரம்!” என்று கட்டியைப் போடத் தொடங்கிவிட்டார்.

றூத்தின் பழைய கூட்டாளிகள் ஒவ்வொருவராகக் குறைந்துபோயிருந்தார்கள். அவருடைய மகன் டேவிட், “இங்கே தனியாக என்ன செய்கிறாய், முதியோர் இல்லத்துக்கு வா” என்று தாயை நெருக்கிக்கொண்டிருந்தான். றூத் போக மாட்டேன் என்று அழுதார். அன்ரி தனக்குத் தெரிந்த இங்கிலிசில் டேவிட்டுக்கு வாக்குக் கொடுத்தார்: “எவ்ரி வெட்னஸ்டே, ஃபோர் பீப்பிள். நோ ஃபோர், யூ ரேக்.” புதன்கிழமைகளில் மேசையில் நாலு பேர் இருக்கும்வரை றூத் இங்கேதான். இல்லையென்றால் கூட்டிக்கொண்டு போகலாம். இது கட்டடம் முழுக்கத் தெரியும். எனக்கும் தெரியும்.

இனி என் பக்கத்துக் கதை. நாங்கள் நாலு கிழவர்கள் முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம் விளையாடுகிறவர்கள். எங்களுக்கு இடமில்லை. உடுப்புத் தோய்க்கும் அறையில் மெசினின் மேல் சீட்டைப் பரப்புவோம். மெசின் சுழலத் தொடங்கினால் கவிழ்த்து வைத்த துரும்பு தானாக நடந்து கீழே விழுந்து எல்லோருக்கும் முகத்தைக் காட்டும். கீழ்த்தளத்தில் நல்ல மேசையும் ஹீற்றரும் உள்ள பொது அறை ஒன்று இருந்தது. ஆனால் புதன் பின்னேரம் அது பெண்களுக்கு. நாலு பேர் கூடாவிட்டால் அடுத்த கூட்டத்துக்கு என்று கட்டடம் பார்க்கும் சூப்பிரிண்டன் சொல்லியிருந்தான். அடுத்த கூட்டம் நாங்கள்.

அந்த வேளையில் அவர்களின் நாலாவது ஆள், மகன் வாங்கிய புதுவீட்டுக்குப் பிக்கரிங் போய்விட்டார். அன்ரி என்னை லிஃப்றில் மறித்தார். ஒரு காலைக் கதவுக்கிடையில் வைத்துக்கொண்டு, “நொத்தாரிசு அண்ணை, உங்களுக்குப் புதன்கிழமை என்ன வேலை?” என்றார்.

“ஒண்டும் இல்லை, தங்கச்சி.”

“இனி இருக்கு.”

கதவு மூடியது. என் கூட்டாளிகளிடம் சொன்னேன். அவர்கள் துள்ளினார்கள். “நல்லதாப் போச்சு! உள்ளுக்குப் போய் உடையுங்கோ. சட்டம் படிச்ச ஆளுக்கு உதொரு வேலையோ?” என்றார்கள். நானும் சிரித்தேன்.

முதல்நாள் போனேன். றூத், அன்ரி, மூன்றாவதாக மன்னார் மெற்றில்டா. மெற்றில்டா ஒரு கட்டியைக் கீழே போடுமுன் அருள்நிறை மரியே செபம் ஒன்று முழுதாகச் சொல்லுவார். விளையாட்டு மெதுவாகத்தான் போகும்.

ஆட்டம் தொடங்குமுன் சாள்ஸ்ரன் என்று ஒரு சடங்கு உண்டு. உங்களுக்கு வேண்டாத மூன்று கட்டிகளை வலதுபக்கத்து ஆளுக்குக் கொடுக்க வேண்டும். பிறகு எதிரில் இருப்பவருக்கு. பிறகு இடதுபக்கத்து ஆளுக்கு. ஜோக்கர் என்ற கட்டியை மட்டும் கொடுக்கக்கூடாது. அது எந்தக் கட்டிக்கும் பதிலாக நிற்கும். கையில் இருப்பவற்றுள் ஆகப் பெறுமதியானது. நான் அன்ரியின் வலப்பக்கம் இருந்தேன். அவர் தள்ளிய மூன்று கட்டிகளைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு ஜோக்கர்.

றூத் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். “நோ ஜோக்கர்ஸ், டியர். ஹவ் மெனி ரைம்ஸ்?” என்றார், எத்தனை தரம் சொல்வது என்ற அலுப்போடு.

அன்ரிக்கு ரோசம் வந்தது. “மேசைக்கு வந்த மனிசருக்கு எனக்கு உதவாததைக் குடுக்கிறதோ? உது என்ன கண்டறியாத சட்டம்! எங்கடை வீட்டிலை பழுதான மாம்பழத்தையோ விருந்தாளிக்கு வெட்டி வைக்கிறது?”

“அன்ரி, விளையாட்டிலை அப்பிடித்தானே,” என்றார் மெற்றில்டா.

“விளையாட்டிலையும் நான் நான்தான்.”

அவருடைய பெயர் வந்த காரணம் அன்றுதான் விளங்கியது. இடப்பக்கம் கொடுக்கும் முறை வந்தபோது இன்னொன்றும் பார்த்தேன். இடக்கையால் கொடுத்தால் மரியாதையில்லை என்று, வலக்கையை மேசைக்குக் குறுக்கே நீட்டி, றூத்தின் தேநீரைத் தட்டி ஊற்றித்தான் கொடுத்தார். றூத் கோப்பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்; பழக்கம்.

சட்டம் தெரிந்த நான் அந்த இரண்டு ஜோக்கரையும் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். “இல்லை இல்லை, முதலே என்ரை கையிலை இருந்தது” என்று சொல்லி வைத்துக்கொண்டேன். அந்த ஆட்டத்தை வென்றேன். அவர்கள் கச்சான் கடலை வைத்துத்தான் பந்தயம் பிடிப்பார்கள். மேசையிலிருந்த கச்சான் முழுவதையும் உடைத்துத் தின்றேன். அன்ரி எனக்குக் கை தட்டினார்.

அடுத்தடுத்த கிழமைகளில் நான் அட்டையைச் சட்டப்புத்தகம்போலப் படித்தேன். இரட்டையில் ஜோக்கர் வைக்கலாமா, கீழே போட்டதை யார் முதலில் எடுக்கலாம் என்று ஒவ்வொன்றுக்கும் ஆட்சேபம் கிளப்பினேன். மெற்றில்டா கோபத்தில் செபத்தை இடையில் விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். றூத் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அன்ரி மட்டும், “நல்லது, ஒரு நொத்தாரிசு இருந்தால் பிழை வராது. இன்னொருக்காச் சொல்லுங்கோ” என்பார். மேசை உடையவில்லை. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது: போகாமல் விட்டால் போதுமே.

அந்தப் புதன் சரியான பனி. நான் வீட்டிலேயே இருந்தேன். ரீவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கட்டிலில் ஏறிப் படுத்தேன். கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது.

“நொத்தாரிசு அண்ணை!”

மூச்சைப் பிடித்தேன்.

“அண்ணை, உள்ளுக்குத்தான் இருக்கிறியள். சப்பாத்து வெளியிலை கிடக்கு. வெறுங்காலோடையோ பனிக்குள்ளை போனனியள்?”

கொரிடோரில் யாரோ சிரித்தது கேட்டது. நான் போர்வையைத் தலைக்குமேல் இழுத்தேன்.

அன்ரியின் குரல் தணிந்தது. “டேவிட் கீழை வந்து நிக்கிறான். மூண்டு பேர் இருக்கிறதைக் கண்டிட்டான். மனுசி அழுகுது, அண்ணை. ஒரு ஆட்டத்துக்கு வந்து இருந்தால் காணும்.”

அப்போதும் நான் எழும்பவில்லை. எழும்பினால் உள்ளே இருந்தது தெரிந்துவிடுமே என்று பயந்தேன். அவருக்கு அது ஏற்கெனவே தெரியும் என்பது என் படித்த மண்டையில் ஏறவில்லை. “சரி, படுங்கோ” என்றார் அன்ரி. கோட்டு தரையில் உரசும் சத்தம் லிஃப்ற்வரை போனது.

எனக்குப் படுக்க முடியவில்லை. கடிதம் பார்க்கப் போகிறவன்போலக் கீழே இறங்கிப் பொது அறையின் கண்ணாடிக் கதவால் எட்டிப் பார்த்தேன். டேவிட் தாயின் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அன்ரி அவனுடைய முழங்கையைப் பிடித்திருந்தார்.

“யூ வான்ற் ஃபோர் பீப்பிள்?”

அவன் ஏதோ சொன்னான்.

“யூ ஆர் பீப்பிள்! சிற்!”

வளர்ந்த மனுசன், கழுத்துப்பட்டி கட்டியவன். அன்ரியின் தலை அவன் நெஞ்சுக்கும் எட்டாது. ஆனாலும் கதிரையில் இருந்தான். அன்ரி அவன் முன்னால் கட்டிகளை அடுக்கினார். றூத் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எது குருவி, எது நாகம் என்று மகனுக்குக் காட்டத் தொடங்கினார். வலப்பக்கம் கொடுக்கும் முறையில் அன்ரியிடமிருந்து அவனுக்கு மூன்று கட்டி வந்தது. திருப்பிப் பார்த்துவிட்டு விழித்தான்.

“நோ ஜோக்கர்ஸ், டியர்!” என்று றூத் கத்தியது கண்ணாடிக்கு வெளியே எனக்கும் கேட்டது.

டேவிட் அடுத்த புதனும் வந்தான். அதற்கடுத்ததும் வந்தான். வேலையில் அதற்கென்றே பின்னேரத்தை ஒதுக்கிக்கொண்டான். இல்லத்தின் பேச்சு பிறகு எழவில்லை. நாங்கள் மெசினின் மேலேயே முந்நூற்றிநாலு விளையாடினோம்.

நான் அன்ரியைத் தவிர்த்துப் படியால் ஏறி இறங்கினேன். முழங்கால் பொறுக்கவில்லை. ஒருநாள் லிஃப்றில் அகப்பட்டுக்கொண்டேன்.

“நொத்தாரிசு அண்ணை, சப்பாத்து சுகமோ?”

“தங்கச்சி, அண்டைக்கு நான் உள்ளுக்குத்தான்…”

“அஞ்சாவது ஆளுக்கும் உதிலை ஒரு வேலை இருக்காம். றூத் சொன்னவ. புதன்கிழமை வாங்கோ.” அவ்வளவுதான். என்னைச் சொல்லி முடிக்கவும் விடவில்லை.

உண்மையில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. ஐந்தாவது ஆள் விளையாடுவதில்லை. மேசையைச் சுற்றி நடந்து நாலு பேரின் கையையும் பார்த்து, யார் வெல்வார் என்று பந்தயம் கட்டுவார். வாய் திறக்கக்கூடாது. எனக்குப் பொருத்தமான தண்டனை.

அந்த இடத்தில் நின்றபோதுதான், மேசையில் இருந்த நாளெல்லாம் காணாததைக் கண்டேன். காற்றுக் கட்டிகள் என்று கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு உண்டு. றூத்துக்கு அவற்றால் வெல்லத்தான் ஆசை. அன்ரியின் கையில் நல்ல மூன்று கிழக்கு வந்திருக்கும். அதை வைத்தே வெல்லலாம். எதிர்ப்பக்கம் கொடுக்கும் முறை வந்ததும் அந்த மூன்றையும் அப்படியே றூத்திடம் தள்ளிவிடுவார். முகத்தில் ஒன்றும் இருக்காது.

“ஓ, லக்கி மீ!” என்பார் றூத்.

“லக்கிதான் மனுசி,” என்பார் அன்ரி.

ஆட்சேபம் சொல்ல எனக்கு ஒரு விதியும் அகப்படவில்லை; அகப்பட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். றூத் இருந்தவரை ஒவ்வொரு புதனும் என் கச்சானை நான் ஜோக்கர் அன்ரியின்மேல்தான் கட்டினேன். அவர் ஒருநாளும் வென்றதில்லை.