பல் டாக்டரை மறந்துவிடுங்கள்!

காலையிலிருந்து வந்தவர்களில் இரண்டாவது ஆளும் எழுந்து போய்விட்டார்.

"எங்கே போனாரு?" என்றார் பல் டாக்டர்.

"பற்பொடி வாங்க," என்றாள் வரவேற்பு மேஜையில் இருந்த மனைவி. "நீங்க மாட்டி வெச்சிருக்கீங்களே, அதைப் படிச்சுட்டு."

சுவரில், சட்டம் போட்ட பழைய விளம்பரம். மீசைக்காரர் ஒருவர் அத்தனை பல்லும் தெரியச் சிரித்தார். கீழே கொட்டை எழுத்தில்: 'ஒரு சிட்டிகை போதும்! பல் டாக்டரை மறந்துவிடுங்கள்!'

மாடியில் வீடு, கீழே கிளினிக். அலமாரி, கட்டிலடி, துணிப்பெட்டி என்று பழைய விளம்பரங்கள் வீட்டை அடைத்துக்கொண்டதில், "அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று மனைவி சொல்லிவிட்டாள். அதனால்தான் கிளினிக் சுவருக்கு இந்தக் குடிபெயர்ப்பு.

டாக்டருக்கு அவற்றின் மேல் பித்து. "கொஞ்சம் வலிக்கும்" என்று உண்மையைச் சொல்லியே வாழ்நாளெல்லாம் ஆட்களை விரட்டிய மனிதர் அவர். அந்தக் காகிதங்களோ சோப்பு, தைலம், டானிக் என்று எதை விற்றாலும் வெட்கமே இல்லாமல் சத்தியம் செய்தன. அந்தத் துணிச்சல் அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

பற்பொடியைக் கழற்றிவிட்டுக் கூந்தல் தைலத்தை மாட்டினார். அடுத்து வந்த வழுக்கைத்தலைக்காரர் வாயையே திறந்து காட்டவில்லை. "இந்த எண்ணெய் எங்கே கிடைக்கும்?" என்று ஒரே பிடியாக நின்றார். இப்போது வருவதில்லை என்றதும் கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

தைலத்தை எடுத்துவிட்டுப் பசி டானிக்கை மாட்டினார். அதில் ஒரு குண்டுக் குழந்தை கேக்கைக் கடித்துக்கொண்டிருந்தது. பல் அடைக்க வந்திருந்த அம்மாளுக்குப் பசி கிள்ளியது. "ஒரு வாய் சாப்பிட்டு வந்துடறேன்" என்று போனவர் போனவர்தான்.

மனைவி போனை எடுத்தாள். "பழைய பேப்பர்காரரா? சாயங்காலம் வாங்க. எல்லாத்தையும் எடைக்குப் போட்டுடறேன்."

டாக்டர் மேஜைக்கு ஓடி வந்தார். "ஒரே ஒரு ஆளு இந்தப் படங்களால இங்கே தங்கி வைத்தியம் பார்த்துக்கிட்டா?"

"அப்புறம் ஒரு காகிதத்தைக்கூடத் தொட மாட்டேன், போதுமா?" என்றவள், மிச்சத்தைக் கட்டுக் கட்ட மாடிக்குப் போனாள்.

வந்தது வரட்டும் என்று கீழே இருந்த படங்களை எல்லாம் மாட்டினார் டாக்டர். சுவரே தெரியவில்லை.

சாயங்காலம் எட்டிப் பார்த்தால், கன்னம் வீங்கிய ஒருவர் படம் படமாகப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். டாக்டர் விடுவாரா? கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் நாற்காலியில் உட்கார வைத்தார்.

"சார், நான் வந்தது..."

"எதுக்கு வந்தீங்கன்னு உங்க கன்னமே சொல்லுதே! எத்தனை நாளா வலி?"

"அது ஆச்சு சார், மாசக்கணக்கா. பயத்துல டாக்டர் பக்கமே தலை வெச்சுப் படுக்கல. ஆனா..."

"பிடுங்கிடலாமா?"

அவர் கதவு வழியாக மீசைக்காரரைப் பார்த்தார். மறுபடி சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, பிடுங்குங்க!"

ஊசி போட்டுப் பிடுங்கினார். ஒரு முனகல் கிடையாது. பல்லைக் கிண்ணத்தில் ஏந்தி, கோப்பை வென்றவர் போல வெளியே வந்தார் டாக்டர். கட்டுகளோடு இறங்கி வந்த மனைவி அப்படியே நின்றாள்.

"பார்த்தியா! படத்தைப் பார்த்தே மனுஷனுக்குப் பயம் விட்டுப்போச்சு!"

"நெஜமாவாங்க?" என்று அவள் அந்த ஆளையே கேட்டாள்.

அவர் வாயிலிருந்த பஞ்சை ஒதுக்கிக்கொண்டார்.

"நெஜந்தாம்மா. ஆனா நீங்க போன்ல எடைக்கு எடுக்கச் சொன்னது இந்தப் படங்களைத்தான்னா, என்னால ஆகாது, வேற ஆளைக் கூப்பிட்டுக்கங்க!"