கப்பு அண்ணாச்சியும் மூக்குக் கடிகாரமும்

தென்காசி ஜில்லாவிலேயே அழைப்பில்லாமல் அதிகமான விசேஷங்களுக்குப் போய், ஓரிடத்தில்கூட அடிவாங்காமல் திரும்பிய ஒரே மனிதர் கப்பு அண்ணாச்சிதான். இதை மறுப்பவர்கள் யாராவது இருந்தால் என்னிடம் அனுப்பி வையுங்கள். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, பால்காய்ப்பு, பணி ஓய்வு என்று எதையும் அவர் விட்டதில்லை. காரணம் கேட்டால், "என் சாமான் போற எடத்துக்கு நான் போகாண்டாமா?" என்பார்.

தென்காசிக் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் அவருடைய கடை. உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் தெருவில் நிற்க வேண்டும். கப்பு, தலையணை, சாவிக்கொத்து, சுவர்க் கடிகாரம் என்று எதைக் கொடுத்தாலும் அதில் உங்கள் வீட்டு ஆட்களின் போட்டோவை அச்சடித்துத் தருவார். போர்டில் ஆங்கிலத்தில் ஒரு பெரிய பெயர் இருந்தது. அதை அவர் உட்பட யாரும் முழுதாகப் படித்ததில்லை. ஊருக்கு அவர் கப்பு அண்ணாச்சி.

புது ஜில்லாவின் கலெக்டர் ஆபீசுக்கு ஆள் தேவை என்று திருச்சியிலிருந்து என்னை மாற்றி அனுப்பினார்கள். மனைவிக்கு அங்கே பள்ளிக்கூட வேலை, மகளுக்கு அங்கே படிப்பு. நான் மட்டும் ஊரை ஒட்டிய குத்துக்கல்வலசையில் ஒரு மாடி வீட்டில் இருந்தேன். சாயங்காலத்துக்கு மேல் அந்த வீட்டில் சத்தம் போடுகிற ஜீவன் ஃபிரிட்ஜ் ஒன்றுதான். அது உறுமுவதை நிறுத்தினால் எனக்குப் பயமாக இருக்கும்.

எங்கள் சூப்பரின்டென்டென்ட் ஓய்வு பெறப் போனார். பரிசு வாங்கும் வேலையை என் தலையில் கட்டினார்கள். வீட்டில் காத்திருக்க ஆளில்லாதவனுக்குத்தான் ஆபீசில் எல்லா வேலையும் வரும். போட்டோவை எடுத்துக்கொண்டு அண்ணாச்சி கடைக்குப் போனேன்.

"இத ஒரு கப்புல போடணும். எப்ப கிடைக்கும்?"

அவர் போட்டோவைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "இவுக எதுக்குச் சிரிப்பாக?"

"சிரிக்க மாட்டார்."

"சிரிக்காத மனுசன் உண்டா தம்பி? நல்லா யோசிச்சுப் பாருங்க."

"யோசிச்சுத்தான் சொல்றேன். அவர் சிரிச்சு யாரும் பார்த்ததில்ல."

"அப்பம் பாத்துட்டு வந்து சொல்லுங்க. ஆளத் தெரியாம படத்தப் போட்டா அது கப்பு இல்ல, ஆதார் கார்டு."

இதுதான் அண்ணாச்சியின் தொழில் முறை. பரிசைப் பெறப் போகிறவர் எதற்குச் சிரிப்பார் என்று தெரியாமல் அவர் மெஷினைச் சூடு பண்ண மாட்டார். கல்யாண நாளுக்குத் தலையணை கேட்டு வந்த எத்தனையோ கணவர்கள் இந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டு, கடை வாசலில் நின்று மனைவிக்கே போன் போட்டு, "ஏட்டி, நீ எதுக்குச் சிரிப்ப?" என்று கேட்டு வசமாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். வியாபாரம் எப்படி நடக்கும்? பாதிப் பேர் அடுத்த தெருக் கடைக்குப் போய்விடுவார்கள். மீதிப் பேர் கப்பு வாங்காமல் குடும்பக் கதையை மட்டும் சொல்லிவிட்டுப் போவார்கள்.

நான் திரும்பிப் போகாததால் மறுநாள் காலையில் அண்ணாச்சியே ஆபீசுக்கு வந்துவிட்டார். மனு கொடுக்கிறவர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்து சூப்பரின்டென்டென்ட்டை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். லஞ்ச ஒழிப்பு ஆள் போலிருக்கிறது என்று செய்தி பரவியது. வருஷக்கணக்கில் தூங்கின ஃபைல்கள் எல்லாம் அன்று எழுந்து நடந்தன. மத்தியானம் ஒரு குரங்கு ஜன்னல் வழியாக வந்து டைப்பிஸ்ட்டின் தயிர்சாத டப்பாவைத் திறந்து, ஒரு வாய் தின்று பார்த்துவிட்டு, பிடிக்காமல் மூடி வைத்துவிட்டுப் போனது. சூப்பரின்டென்டென்ட் சிரித்தார். அவருக்குப் பல் இருக்கிற விஷயம் அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. அண்ணாச்சி எழுந்து, "கெடச்சிட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார். கப்பில் ஒரு பக்கம் அவர், மறுபக்கம் டப்பாவோடு குரங்கு.

அடுத்த வம்பு பரிசைக் கொடுக்கும் இடத்தில். நம் ஊரில் பரிசை மேடையில் பிரிக்கிற வழக்கம் கிடையாது. வாங்கி, போட்டோவுக்குச் சிரித்து, பின்னால் நிற்கிற சித்தப்பாவிடம் தள்ளிவிட வேண்டியது. அது வீட்டுக்குப் போய் பீரோ மேலே ஏறிவிடும். அண்ணாச்சிக்கு இது பொறுக்காது. சாமானைக் கடையில் தர மாட்டார். மண்டபத்துக்கே கொண்டு வந்து கொடுத்து, மேடைக்குக் கீழே நின்று, "பிரிங்க, பிரிங்க!" என்று குரல் கொடுப்பார்.

ஒரு ஏட்டையா வீட்டுக் காதுகுத்தில் இப்படிக் கத்தப் போய், மஃப்டியில் இருந்த நாலு போலீஸ்காரர்கள் அவரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"யாருவே நீரு?"

"தலகாணி செஞ்சவன்."

"அதுக்கு?"

"பிரிக்கையில மொகத்தப் பாக்கணும். பாத்துட்டுப் போயிருதேன் சார்."

ஆளைத் தொலைத்தால் போதும் என்று பிரித்தார்கள். காது குத்தின வலியில் வீறிட்டுக்கொண்டிருந்த பிள்ளை, தலையணையில் தன் மூஞ்சியையே பார்த்ததும் வாயை மூடிவிட்டது. ஏட்டையா அவருக்குக் கை கொடுத்தார். அண்ணாச்சி பந்தியில் உட்காராமல் பஸ் ஏறி வந்துவிட்டார். கடையில் எனக்குத்தான் அதை நடித்துக் காட்டினார், பிள்ளையாகவும் போலீசாகவும் மாறி மாறி. அதற்குள் தினமும் ஆபீஸ் விட்டதும் அந்தக் கடை ஸ்டூலில் போய் உட்காருவது எனக்குப் பழக்கமாகியிருந்தது. வீட்டுக்குப் போய் ஃபிரிட்ஜைப் பார்ப்பதை விட இது மேல்.

குற்றால சீசன் சமயம் ஒரு சாயங்காலம். சாரல் விடாமல் அடித்ததில் அச்சுப் பேப்பரெல்லாம் நமுத்துப் போய் வேலை ஓடவில்லை. அப்போதுதான், "உங்க வீட்டுல யாரும் இல்லையா அண்ணாச்சி?" என்று கேட்டேன். அவர் கடிகாரக் கதையைச் சொன்னார்.

தொழில் ஆரம்பித்த புதிது. செங்கோட்டையில் மச்சானின் புது வீட்டுப் பால்காய்ப்பு. மனைவியின் அண்ணன், பெரிய இடம், சும்மா போக முடியுமா? மச்சானின் முகத்தைப் பெரிதாக அச்சடித்து ஒரு சுவர்க் கடிகாரம் செய்துகொண்டு போனார். நடு ஹாலில் மாட்டினார்கள். கடிகாரத்தின் துளை நடுவில்தானே இருக்கும்? மச்சானின் மூக்கும் நடுவில்தான் இருந்தது. வந்தவர்கள் டிபன் சாப்பிடுகையில் மணி ஒன்பதே கால். இரண்டு முள்ளும் மூக்கிலிருந்து இரு பக்கமும் நீட்டிக்கொண்டு மச்சானுக்கு அருமையான மீசை. முதலில் பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு சம்பந்தி வீட்டார் சிரித்தார்கள். பத்து பத்துக்கு மீசை தானாக முறுக்கிக்கொண்டது. வீடே உருண்டு உருண்டு சிரித்தது, மச்சானைத் தவிர.

"'என் மூக்குல ஆணி அடிச்சவன் வீட்டுல என் தங்கச்சி இருக்க மாட்டா'ன்னுட்டாரு தம்பி. அவளும் பயலக் கூட்டிக்கிட்டு அண்ணன் வீட்டுலயே இருந்துட்டா."

"நீங்க போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாமே?"

"கேக்கத்தான் போனேன். வாசல்ல அவரு மொகத்தப் பாத்ததும் அந்த மீச ஞாவகம் வந்துட்டு. சிரிச்சுட்டேன்."

நானும் சிரிக்கத்தான் ஆரம்பித்தேன். பாதியில் என்னவோ போலாகி நிறுத்திக்கொண்டேன். பையன் அப்போது அஞ்சாம் வகுப்பாம். அதற்கப்புறம் அந்த வாசல் திறக்கவே இல்லையாம். அண்ணாச்சி ஓடாத மெஷினைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஆவணி பிறந்ததும் ஒரு நாள் ஈரத் தலையோடு மூன்று இளைஞர்கள் கடைக்கு வந்தார்கள். கோயம்புத்தூர்க் கம்பெனியில் வேலையாம். நண்பன் கல்யாணத்துக்கு முன்கூட்டியே வந்து குற்றாலத்தில் தங்கி அருவியில் குளித்துக்கொண்டிருக்கிறார்களாம். மாப்பிள்ளை, பெண் போட்டோவையும் கல்யாணப் பத்திரிகையையும் போனில் காட்டினார்கள். அண்ணாச்சி போனை வாங்கிக் கண்ணருகே கொண்டு போனார். ரொம்ப நேரம் பார்த்தார். நான் எட்டிப் பார்த்தேன். செங்கோட்டை மண்டபம். மாப்பிள்ளையின் தகப்பனார் என்று அண்ணாச்சியின் சொந்தப் பெயர் அச்சாகியிருந்தது. பத்திரிகையில் பெயர் வந்திருக்கிறது, பத்திரிகைதான் வரவில்லை.

"என்ன செய்யணும்?" என்றார்.

"கடிகாரம் அண்ணாச்சி."

"கடிகாரம் வேண்டாம். தலகாணி நல்லா இருக்கும்."

"இல்ல, கடிகாரம்தான். அவன் எங்கயுமே நேரத்துக்கு வரமாட்டான், அதான்."

அண்ணாச்சி ஆர்டர் நோட்டை எடுத்தார். "எதுக்குச் சிரிப்பான்?"

"எல்லாத்துக்கும் சிரிப்பான். அதுவும் சிரிக்கக் கூடாத இடத்துலதான் சிரிப்பான். மேனேஜர் திட்டுறப்ப சிரிச்சு ஒருதரம் மெமோ வாங்கினான்."

"அருவிக்கு உங்க கூட வந்தானா?"

"எங்க வர்றான்? தலையில தண்ணி விழுந்தா மூச்சிழுப்பு வந்துரும் அவனுக்கு."

"இன்னும் விடலையா அது?" என்று கேட்டுவிட்டார். மூவரும் அவரைப் பார்த்தார்கள். "பொதுவாச் சொன்னேன். சாரக் காத்து அப்படி" என்று சமாளித்தார். அவர்கள் தெருமுனை திரும்பும்வரை ஏதேதோ கேட்டுக்கொண்டே பின்னால் போனார். டீக்குச் சர்க்கரை கூடப் போடுவானா, இன்னமும் குப்புறப் படுத்துத்தான் தூங்குகிறானா என்றெல்லாம்.

அந்தக் கடிகாரத்துக்கு அவர் பட்ட பாடு தேர் இழுத்தவர்கள்கூடப் பட்டிருக்க மாட்டார்கள். துளை யார் மூக்கிலும் விழக் கூடாது. நெற்றியிலும் கூடாது. மாலையில்கூடக் கூடாது. கடைசியில் போட்டோவில் வானம் தெரிகிற ஒரு மூலையில் துளை போட்டார். முள் சுற்றும்போது பெண்ணின் கன்னத்தில் பட்டது. முள்ளை வெட்டினார். மாப்பிள்ளையின் காதில் பட்டது. இன்னும் வெட்டினார். பெரிய படத்தின் மூலையில் கைக்கடிகாரத்தை ஒட்டி வைத்தது போல ஆகிவிட்டது. அதில் மணி பார்க்க ஸ்டூல் போட்டு ஏற வேண்டும்.

"யாரு மூஞ்சிலயும் படலல்லா?" என்று என்னிடம் பத்துத் தடவை கேட்டார்.

கல்யாணத்தன்று இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை வேட்டியில் வந்தார். துணைக்கு என்னையும் அழைத்தார். மண்டபத்துக்கு எதிரே ஆட்டோவை விட்டு இறங்கினோம். வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு வரவேற்றுக்கொண்டு நின்றார் மச்சான். நரைத்து, முறுக்கி விட்ட நிஜமான மீசை!

"மீச வச்சிட்டாரு தம்பி" என்றார் அண்ணாச்சி. "நான் வரல. சிரிச்சிருவேன். நீங்க போயிட்டு வாங்க."

சிரிக்கப் போகிறவர் முகம் அப்படி இருக்காது. பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டு எதிர் டீக்கடைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே நண்பர்கள் என்னை அடையாளம் கண்டு, மேடையில் கூட்டமாக இருக்கிறது என்று முதலில் பந்திக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகு மேடை ஏறினோம். மாப்பிள்ளை பொட்டலத்தை வாங்கி, கேமராவுக்குச் சிரித்து, பின்னால் நீட்டினான். என் குரல் என்னைக் கேட்காமல் வெளியே வந்தது.

"பிரிங்க!"

வரிசையில் நின்றவர்கள் முறைத்தார்கள். வீடியோக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே பிரித்தான். படத்தைப் பார்த்தான். மூலையில் வானத்தைக் குடைந்து வைத்திருந்த குட்டைக் கடிகாரத்தைப் பார்த்தான். சிரிப்பு நின்றுவிட்டது. அந்த வீட்டில் வளர்ந்தவனுக்கு மூக்குக் கடிகாரக் கதை தெரியாமல் இருக்குமா? வாசல் பக்கம் மாமாவை ஒரு தரம் பார்த்துவிட்டு என்னிடம் குனிந்தான்.

"வந்திருக்காகளா?"

"எதிர்ல டீக்கடைல."

பின்னால் ஒரு பெரிய குடும்பம் போட்டோவுக்கு நெருக்கித் தள்ளியது. "சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லுங்க" என்றான் அவசரமாக. "நான் சொன்னேன்னு சொல்லுங்க."

டீக்கடையில் போய்ச் சொன்னேன். அண்ணாச்சி நம்பவில்லை.

"அவனே சொன்னானா?"

"அவனேதான்."

"கூப்பிடாத வீட்டுல நான் பச்சத்தண்ணி குடிச்சதில்ல தம்பி."

"அதான் கூப்பிட்டாச்சே அண்ணாச்சி. எந்திரிங்க."

பக்கவாட்டு வழியாக உள்ளே போய்க் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தோம். இலை போட்டார்கள், சாதம் வந்தது. அண்ணாச்சி இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார், கை வைக்கவில்லை. வரிசையாகப் பந்தி விசாரித்துக்கொண்டு மச்சான் வந்தார். எங்கள் இலைக்கு நேரே வந்து நின்றார். அவர் அண்ணாச்சியின் முகத்தைப் பார்க்கவில்லை, இலையை மட்டும் பார்த்தார்.

"ஏலே, இங்கன அப்பளம் வைக்கலயா? ரெண்டு வையிங்க" என்று பரிமாறுகிறவர்களிடம் சொல்லிவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தார்.

அண்ணாச்சிக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பளத்தை நொறுக்கினார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், சாப்பிட ஆரம்பித்தார். சாம்பார், ரசம், பாயசம், மோர் என்று எதையும் விடாமல் சாப்பிட்டார். பந்தியே எழுந்து போய்விட்டது. எனக்கு அது இரண்டாவது கல்யாணச் சாப்பாடு, இடுப்புக் கயிறு அறுந்துவிடும் போலிருந்தது. ஆனாலும் இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றச் சொல்லி வாங்கிக்கொண்டேன். நான் எழுந்தால் அவரும் எழுந்துவிடுவார், அந்த ஊரில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட எனக்கும் அவரை விட்டால் யார் இருக்கிறார்கள்?